நோர்மல் நானாவின் இடது கண்

கண்டி நகரத்தில் நோர்மல் நானாவைப் போலத் தன் கண்களை ஊருக்கு இரவல் கொடுத்தவர் வேறு யாரும் இருக்க முடியாது. யாராவது கண் சோதிக்கும் கருவி ஒன்றைக் கையில் எடுத்தால் போதும், கதிரையை இழுத்துப் போட்டு முகத்தை நீட்டிவிடுவார்.

நாங்கள் சேர்ந்திருந்தது கண் நோய் ஆராய்ச்சிக்கு இளையவர்களைத் தயார்படுத்தும் ஒரு பயிற்சியில். யாழ்ப்பாணத்துக் கண் டொக்டர் வாணி, கெலிஓயாவிலிருந்து வரும் பௌதிகவியல்காரர் நானா, குண்டசாலையிலிருந்து பஸ்ஸில் தொங்கிவரும் புள்ளிவிபரக்காரன் நான். ஒருவர் துறையை மற்றவர் கற்க வேண்டும் என்பதற்காக மூவரையும் ஒரே அறையில் அடைத்திருந்தார்கள். முதல் மாதம் ஒருவர் பேசியது மற்றவருக்குப் புரியவில்லை. நானா மட்டும் புரிந்ததுபோல் தலையாட்டுவார். சோதித்துப் பார்க்க நோயில்லாத கண் வேண்டுமென்றால், "என்ட கண்ணு ஈக்கி. நோர்மல் கண்ணு" என்பார். இருக்கு என்பது அவர் பேச்சில் ஈக்கி. அதுவே அவர் பெயராகிவிட்டது.

கண்மணியை விரிக்கும் சொட்டு மருந்து எப்படி வேலை செய்கிறது என்று பார்க்க, ஒருநாள் இரண்டு கண்ணிலும் விட்டுக்கொண்டு அப்படியே வீட்டுக்குக் கிளம்பினார். கண் கூசிப் பெயர்ப்பலகை தெரியாமல், கெலிஓயா பஸ் என்று ஏறியது மலைமேல் தேயிலைத் தோட்டங்களுக்குப் போகும் ஹுன்னஸ்கிரிய பஸ். மறுநாள் ஒன்றும் நடக்காததுபோல் வந்தார்.

"நல்ல குளிர் மச்சான். தோட்டத்து ஆக்களோட கதைச்சேன். அடுத்த மாசம் கண் பாக்க வாறோம்னு சொல்லிட்டேன்."

"யாரக் கேட்டு சொன்னீங்க?" என்றேன்.

"அவங்க தேத்தண்ணி தந்தாங்களே. வேற என்னத்த சொல்ற?"

சொன்ன வாக்குக்காக, கண்ணின் பின்னால் இருக்கும் நரம்பைப் படமெடுக்கும் சிறிய கமரா ஒன்றை அவரே உருவாக்கினார். நோயில்லாத கண்ணிலிருந்து எவ்வளவு மாறியிருக்கிறது என்று அது ஒப்பிட்டுச் சொல்லும். யாருடைய கண்ணோடு ஒப்பிட்டது என்று கேட்கத் தேவையில்லை; நானாவின் இடது கண்ணோடுதான்.

கமரா முதலில் என்னை நோயாளி என்றது. பிறகு வாணியை. பிறகு எங்கள் பேராசிரியையை. நானா அசரவில்லை.

"மெஷின்ல பிழையில்ல. நீங்க எல்லாரும் மருந்து எடுங்க."

வாணி எழுந்தார். "நானா, இதில இருங்கோ. உங்கட கண்ண நான் ஒருக்காப் பாக்கிறன்."

வலது கண்ணைச் சீக்கிரம் பார்த்துவிட்டார். இடது கண்ணில் நேரமெடுத்தார். நானாவின் நகைச்சுவை ஒவ்வொன்றாகக் குறைந்து, கடைசியில் நின்றுபோனது.

"நானா, நீங்க நோர்மல் இல்ல. இது குளுக்கோமா மாதிரித் தெரியுது. கண்ணுக்குள்ள கூடின அழுத்தம் நரம்பைச் சாப்பிட்டிருக்கு. தொடக்கம்தான். சொட்டு மருந்து விட்டா மிச்சத்தைக் காப்பாத்தலாம்."

"அப்ப வித்தியாசம் ஈக்கின்னு மெஷின் சொன்னது சரிதானே?" என்றுதான் முதலில் கேட்டார்.

 பிறகு கமராவைக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்தபடி அவரே மெதுவாகப் பேசினார். "இந்த நோய், இந்த வருத்தம் உள்ள ஆளுக்குத்தான் என்ட மெஷின் நல்ல கண்ணுன்னு சொல்லியிருக்கும். தோட்டத்துல எத்தன பேர திருப்பி அனுப்பியிருப்போம்."

அன்றுதான் அவர் முகம் வாடி நான் பார்த்தேன். தன் கண் போவதைப் பற்றி அவர் ஒரு வார்த்தையும் பேசவில்லை.

மறுநாளிலிருந்து கெலிஓயா கடைத்தெருவில் மீன்காரர், தையல்காரர், பள்ளிவாசலில் பாங்கு சொல்லும் முஅத்தின் என்று ஒருவரும் நானாவின் கமராவிடமிருந்து தப்பவில்லை. வாணி சோதித்து நல்ல கண் என்று ஒப்புக்கொண்டவர்களின் படங்களை மட்டுமே நானா ஒப்பிடுவதற்காகக் கமராவுக்குக் காட்டினார். அதற்குப் பிறகு அது என்னையும் வாணியையும் பேராசிரியையையும் நல்ல கண் உள்ளவர்கள் என்றது. நானாவை மட்டும் விடவில்லை. அதில் அவருக்கு ஒரே பெருமை.

ஹுன்னஸ்கிரியவில் கொழுந்து பறிக்கும் பெண்கள் கமராவைக் கண்டு ஒதுங்கி நின்றார்கள். நானா தன் கண்ணின் படத்தை உயர்த்திப் பிடித்தார்.

"இது என்ட கண்ணு. வருத்தம் ஈக்கி. எனக்கே தெரியாம இருந்திச்சி."

முன்னால் நின்ற ஒருத்தி கூடையை இறக்கினாள். "சாருக்கே இருக்குன்னா நம்மளும் பாத்துருவோம்" என்று வந்து உட்கார்ந்தாள். மற்றவர்களும் வந்தார்கள். அன்று நோய் தெரியவந்தவர்களைக் கண்டி ஆஸ்பத்திரிக்கு அழைத்துவரும் பொறுப்பையும் நானா தன் தலையில் போட்டுக்கொண்டார். இந்த முறை சரியான பஸ்ஸில் ஏறினார்.

இப்போது தெருவில் போகும்போது, நோய் வந்த கண்ணுக்குக் காவலாக, அவருக்கு இடது பக்கத்தில்தான் நான் நடக்கிறேன். அதனால் அவர் கண்ணுக்கு ஒரு பயனும் இல்லை என்று வாணி விளக்கமாகச் சொல்லிவிட்டார். விளக்கம் எனக்கு நன்றாகப் புரிந்தது. ஆனாலும் நான் பக்கம் மாறவில்லை.