அனந்தகிரியில் நான் தனியாக இருந்த கொஞ்ச நேரம்

காட்டுக்குப் போய்த் தன்னைத் தேட நினைப்பவர்கள், கிளம்பும் முன் அந்த ஊர் காலண்டரை ஒரு தடவை பார்த்துவிடுவது நல்லது. நான் பார்க்கவில்லை. மற்றபடி என் திட்டத்தில் ஒரு குறையும் கிடையாது என்று இன்றைக்கும் அடித்துச் சொல்வேன்.

அப்போது நான் ஹைதராபாத்தில் ஒரு சாஃப்ட்வேர் கம்பெனியில் டெஸ்டிங் வேலையில் இருந்தேன். அமீர்பேட்டில் ஒரு லேடீஸ் ஹாஸ்டலில் வாசம். சொந்த ஊரான கோபியிலிருந்த அப்பா, வெளியூரில் வேலை பார்க்க எனக்கு ஒரு வருஷம்தான் தவணை கொடுத்திருந்தார். அது முடியப்போகிற நேரம் பார்த்து ஒரு இங்கிலீஷ் படம் பார்த்துத் தொலைத்தேன். கதாநாயகி முதுகில் மூட்டையோடு மலை மலையாகத் தனியே நடக்கிறாள், அழுகிறாள், கடைசியில் ஒரு உச்சியில் நின்று கையை விரித்துக் கத்துகிறாள். அவ்வளவுதான், வாழ்க்கை தெளிந்துவிடுகிறது. (கூட வந்த ரூம்மேட் இடைவேளைக்கு முன்பே தூங்கிவிட்டாள். ரசனை கெட்டவள்.)

அன்றைக்கே அப்பாவுக்கு போன் போட்டு, வருகிற ஞாயிற்றுக்கிழமை அனந்தகிரிக் காட்டில் தனியாக இருக்கப் போகிறேன் என்று அறிவித்தேன்.

"நீயா அம்மிணி? கேஸ் சிலிண்டர் கொண்டாரவன்கிட்டயே அர மணி நேரம் பேசுவியே!"

"என்னால முடியும்ப்பா. காட்டறேன் பாருங்க."

"செரி. ஒரு பகல் பூராவும் ஆருகூடவும் சேராம இருந்துட்டு வா. அப்பறம் ஊருக்கு வான்னு கூப்பிடவே மாட்டேன். முடியலீன்னா பெட்டியக் கட்டோணும்."

ஆக என் வேலை, என் சுதந்திரம், ஹாஸ்டலில் சண்டை போட்டு வாங்கிய ஜன்னலோரக் கட்டில் எல்லாமே அந்த ஒரு ஞாயிற்றுக்கிழமையை நம்பி நின்றன. ஒரு பெரிய பையை இரவல் வாங்கி டார்ச், விசில், ரெயின்கோட், குளுக்கோஸ், கொசுவர்த்தி, இரண்டு பாக்கெட் பிரெட் என்று திணித்தேன். பையை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தால் எழுந்திருக்க ஆள் வேண்டியிருந்தது.

பேகம்பேட்டில் ரயிலேறியபோதே எனக்கு உறைத்திருக்க வேண்டும். பெட்டி முழுக்கக் குடும்பம் குடும்பமாக ஜனங்கள். கையில் பாய், அண்டா, கிரிக்கெட் மட்டை. எங்கேயோ கல்யாணம் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். விகாராபாத்தில் அத்தனை பேரும் என்னோடேயே இறங்கினார்கள்.

"வனபோஜனமா?" என்று கேட்டார் ஆட்டோக்காரர்.

"நை. அகேலி," என்றேன், எனக்குத் தெரிந்த இந்தியில் பாதியைச் செலவழித்து.

"அகேலி? கைக்கு?"

தனியாகவா, எதற்கு என்கிறார். பதில் பெரியது, என் இந்தி சிறியது. தலையை நிமிர்த்திக்கொண்டு உட்கார்ந்தேன்.

மலைமேல் பஸ்கள் வரிசை கட்டி நின்றன. விஷயம் இதுதான்: தெலுங்குக்காரர்களுக்குக் கார்த்திகை மாசம் நமக்கு முன்னாலேயே பிறந்துவிடும். அந்த மாசத்து ஞாயிற்றுக்கிழமைகளில் காட்டுக்குப் போய் நெல்லி மரத்தடியில் சமைத்துச் சாப்பிடுவது வழக்கம். நகரமே கிளம்பி வருகிற நாளாகப் பார்த்து நான் தனிமை தேடி வந்திருந்தேன்.

ஆனால் நான் பின்வாங்குகிற ஆள் இல்லை. சாம்பார் வாசனையைத் தாண்டி, மியூசிகல் சேரைத் தாண்டி, மைக் செட்டுகளையெல்லாம் தாண்டி நடந்தேன். கடைசியில் ஒரு பாறை கிடைத்தது. கீழே பள்ளத்தாக்கு. ஒரு மனுஷர்கூடக் கண்ணில் படவில்லை. ஜெயித்துவிட்டேன்! கதாநாயகி மாதிரியே கையை விரித்து, அடிவயிற்றிலிருந்து கத்தினேன்.

"நான் தனியா இருக்கே...ன்!"

புதர்களுக்குள்ளிருந்து ஒரு காலனியே ஓடி வந்தது. சிலர் கையில் கரண்டி இருந்தது. முதலில் வந்து சேர்ந்த அம்மாள் என் பையைப் பிடித்துப் பின்னால் இழுக்க, நான் மல்லாந்தேன். பை கீழே, நான் மேலே, கையும் காலும் ஆகாயத்தில்.

"நக்கோமா, நக்கோ! வேண்டாம்மா! எவன் அவன்? அவனுக்காக நீ ஏன் குதிக்கணும்?"

"ஐயோ ஆன்ட்டி, எனக்கு அப்படி யாரும் இல்ல!"

"யாரும் இல்லேன்னா குதிச்சுடுவியா?"

அவர்தான் ராஜி ஆன்ட்டி. தார்நாகா என்கிற பேட்டையில் வாசம், கணவர் விஞ்ஞானி. ஹைதராபாத்திலேயே பிறந்து வளர்ந்த தமிழர். படம், பந்தயம் என்று நான் சொன்ன எதையும் அவர் நம்பவில்லை. பத்திரத்துக்கு என் செல்போனைப் பிடுங்கி வைத்துக்கொண்டார். விஞ்ஞானி மைக்கைப் பிடித்து, "நீல சுடிதார், பெரிய பை, ஒரு பொண்ணு கிடைச்சிருக்கா. கூட வந்தவங்க வந்து அழைச்சுண்டு போகலாம்," என்று மூன்று மொழிகளில் அறிவித்தார். காடு முழுக்கக் கேட்டது. யாரும் வரவில்லை. ஆகவே எனக்கு இலை போட்டார்கள்.

புளிஹோரா, அதாவது அவர்கள் ஊர்ப் புளியோதரை, இரண்டாம் தடவை வந்தபோது என் வைராக்கியம் போய்விட்டது. மியூசிகல் சேரில் ஒரு பேராசிரியரைத் தள்ளிவிட்டு ஜெயித்தேன். அந்தாக்ஷரியில் தமிழ் அணிக்கு நான்தான் தலைவி. ஏதோ ஒரு பாட்டுக்கு நடுவில் திரும்பிப் பார்த்தால், ஆன்ட்டி என் போனில் பேசிக்கொண்டிருந்தார். போனில் 'அப்பா' என்று போட்டிருந்த நம்பரைத் தேடிப் பிடித்துவிட்டார்.

"பொண்ணைத் தனியா காட்டுக்கு அனுப்பி இருக்கீங்களே, கைக்கு? கைக்கு சார்?"

போனை வாங்கினேன்.

"பின்னால என்ன சத்தம் அம்மிணி?"

"அந்தாக்ஷரிப்பா."

"ஆரு பாடறாங்க?"

"எங்க டீம்."

அப்பா சிரித்தார். எனக்கு அழுகை வந்தது. "தோத்துட்டேன்ப்பா. பெட்டியக் கட்டிர்றேன்."

"எதுக்கு? நீ தனியா இருப்பியான்னா எனக்கு ரோசன? அந்த ஊர்ல நீ கத்துனா ஓடியாரதுக்கு ஆள் இருக்குதான்னுதான இத்தன நாளும் தூக்கமில்லாம கெடந்தேன். கரண்டியோட ஓடியாந்தாங்களாமே. நீ அங்கயே இரு."

இருந்தேன். இன்னும் இங்கேதான் இருக்கிறேன். ராஜி ஆன்ட்டி என் கல்யாணத்துக்கு கோபி வரைக்கும் வந்து, பார்த்தவர்களிடமெல்லாம் நான் குதிக்கப் போன கதையைச் சொல்லிவிட்டுப் போனார். அப்பா கற்றுக்கொண்ட ஒரே ஹைதராபாத் வார்த்தை 'கைக்கு'. வீட்டில் யார் தனியாகக் கடைத்தெருவுக்குக் கிளம்பினாலும் அதைக் கேட்டுவிட்டுத்தான் விடுவார்.

போன வாரம் என் மகள், "லீவ் மீ அலோன்!" என்று கதவைச் சாத்தினாள். போன் ஸ்பீக்கரில் இருந்த அப்பா கோபியிலிருந்து கேட்டார்: "கைக்கு?"

தனியாக எதற்கு என்பதற்கு என்னிடம் இன்றைக்கும் நல்ல பதில் இருக்கிறது. எல்லோரும் சிரிக்கிறார்களே தவிர, அதை யாரும் காது கொடுத்துக் கேட்பதில்லை.