பேசாத முன்சீட்டு

மனைவியின் வாயை அடைக்க ஒரு கார் வாங்குவது என்று இசக்கியப்பன் முடிவெடுத்தபோது, அதைவிட நல்ல முடிவைத் தன் ஆயுளில் எடுத்ததில்லை என்றே நினைத்தார். பாவம், போக்குவரத்துப் போலீஸ்காரர். எந்த வண்டி எந்தப் பக்கம் திரும்பும் என்று தூரத்திலேயே சொல்லிவிடுவார். வீட்டுக்காரி எந்தப் பக்கம் திரும்புவாள் என்று மட்டும் அவருக்குத் தெரியாது.

தென்காசியில் சப் இன்ஸ்பெக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். பழைய பஸ் ஸ்டாண்டு முக்கில் நின்று அவர் ஒரு கையைத் தூக்கினால் செங்கோட்டை பஸ்ஸும் நிற்கும், சுரண்டை பஸ்ஸும் நிற்கும், கட்சிக்கொடி கட்டிய காரும் கொஞ்சம் யோசித்துவிட்டு நிற்கும். அப்பேர்ப்பட்ட மனுஷன் தன்னுடைய பழைய டீசல் காரில் ஏறிவிட்டால் கதையே வேறு. இடப்பக்கம் முப்பிடாதியம்மாள் உட்கார்ந்திருப்பாள்.

“ஏங்க, மாடு.”

“பாத்துட்டேன்.”

“பாத்த மாதிரி தெரியலயே. பிரேக்கப் போடுங்க. அது யாரு வீட்டு மாடு தெரியுமா? இலஞ்சிக்காரி வீட்டு மாடு. அவ மருமவ கோவிச்சுக்கிட்டு அம்மா வீட்டுக்குப் போயிட்டா. ஆட்டோ வருது, ஆட்டோ! ஏன் போனான்னு கேளுங்க.”

“ஏன் போனா?”

“ரோட்டப் பாருங்க. கேள்வி கேட்டுக்கிட்டே ஓட்டுதிய.”

இப்படியே முப்பது வருஷம். ஊருக்கெல்லாம் விசில் ஊதியவருக்கு வீட்டுக்குள்ளேயே ஒரு விசில். அதனால்தான் கார் கம்பெனி ஷோரூமுக்குப் போனதும் அவர் மைலேஜைக் கேட்கவில்லை, பேட்டரியைக் கேட்கவில்லை. “தம்பி, இதுல பக்கத்து சீட்டு ஆளு ஏதாவது சொல்லவேண்டிய அவசியம் உண்டா?” என்றுதான் கேட்டார்.

“ஒண்ணும் இல்ல சார். குறுக்க ஆளு வந்தா வண்டியே கத்தும். நீங்க பிரேக் போடலன்னா அதுவே போட்டுக்கிடும். கோடு தாண்டுனா ஸ்டீயரிங் நடுங்கும். தூங்கி விழுந்தா எழுப்பும். எல்லாத்தையும் வண்டியே பாத்துக்கிடும்.”

வெள்ளை நிற மின்சாரக் கார் வீட்டுக்கு வந்தது. எலுமிச்சம்பழத்தின் மேல் ஏற்றி, முதல் பயணமாக ஆய்க்குடி முருகனைப் பார்க்கப் புறப்பட்டார்கள். தெரு முக்கு திரும்பவில்லை, முப்பிடாதியம்மாள் “ஏங்க, ஆடு” என்றாள். அதே நொடியில் காரும் “டிங் டிங்” என்றது. இசக்கியப்பன் இதற்காகவே காத்திருந்தவர் மாதிரி வண்டியை ஓரம் கட்டினார்.

“கேட்டியா? இனிமே நீ வாயத் தொறக்கவே வேண்டாம். இது சொல்லும். உன்னவிடக் கரெக்டா சொல்லும். அதுவும் கதை இல்லாம சொல்லும்.”

முப்பிடாதியம்மாள் அவரைப் பார்த்தாள். திரையைப் பார்த்தாள். “சரி” என்றாள்.

மனைவிமார் சொல்லும் ‘சரி’யில் பல ரகம் உண்டு. இது எந்த ரகம் என்று பார்க்க அவர் வாங்கிய காரில் வசதி இல்லை.

ஆய்க்குடி போய்ச் சேரும்வரை இசக்கியப்பனுக்கு மாப்பிள்ளை ஊர்வலம் போகிற மிதப்பு. ஆடு வந்தது, கார் சொன்னது. சைக்கிள் வந்தது, கார் சொன்னது. கோடே போடாத ரோட்டில் தாரின் விளிம்பைக் கோடு என்று எண்ணி ஸ்டீயரிங் ஒரு தடவை நடுங்கியது, அதையும் ரசித்தார். திரும்பி வரும்போதுதான் ஏதோ குறைகிறது என்று பட்டது. டீசல் கார் என்றால் எஞ்சினாவது கடகடவென்று ஓடிக்கொண்டிருக்கும். இதில் அதுவும் இல்லை. வண்டியும் பேசவில்லை, பெண்டாட்டியும் பேசவில்லை. அவர் எச்சில் விழுங்கிய சத்தம் அவருக்கே கேட்டது.

அதற்குப் பிறகு எங்கே கூப்பிட்டாலும் “நீங்க போயிட்டு வாங்க” என்று சொல்லிவிட்டாள். காலையில் பக்கத்து வீட்டு முத்துவடிவு டீச்சரோடு வாக்கிங். அவரும் ரிட்டையர் ஆனவர். போனால் இரண்டு பேரும் லேசில் திரும்பமாட்டார்கள். மகள் பெங்களூரில். வீட்டில் இசக்கியப்பனும் சார்ஜ் ஏறும் காரும்.

வீட்டுக்குள் முப்பிடாதியம்மாள் பேசாமல் இல்லை. ‘காபி ஆறுது’ என்பாள். ‘மோட்டார ஆஃப் பண்ணுங்க’ என்பாள். இதெல்லாம் ஒரு பேச்சா? அவர்களுடைய உண்மையான பேச்சு முழுவதும் காருக்குள்தான் நடந்திருக்கிறது என்று அப்போதுதான் அவருக்குப் புரிந்தது. அவள் மாட்டில் ஆரம்பித்து மாட்டுக்காரி மகள் கல்யாணத்தில் போய் நிற்பாள். ஸ்பீடு பிரேக்கரில் ஆரம்பித்து, தான் மகளை வயிற்றில் சுமந்தபோது இந்த ரோடு எப்படிக் கிடந்தது என்பதில் போய் நிற்பாள். ஊரில் யார் செத்தார், யார் வீடு கட்டினார், யார் யாரோடு பேசுவதில்லை என்பதெல்லாம் அவருக்கு அந்த வழியாகத்தான் தெரிந்தது. இப்போது தென்காசியில் என்ன நடக்கிறது என்றே அவருக்குத் தெரியவில்லை. இலஞ்சிக்காரி மருமகள் திரும்பி வந்தாளா, இல்லையா? அது தெரியாமல் சோறு இறங்கவில்லை.

தனியாக வண்டியை எடுத்துக்கொண்டு குற்றாலம் போவார். சாரல் கண்ணாடியில் பூமாதிரி விழும். சீசனுக்கு வந்த கூட்டம் குடும்பம் குடும்பமாக நனைந்துகொண்டு போகும். இவர் கண்ணாடியை ஏற்றிவிட்டு உள்ளே உட்கார்ந்திருப்பார். ஒருநாள் வழியில் கார் திரையில் ஒரு காபிக் கோப்பையைக் காட்டி, களைப்பாக இருக்கிறீர்கள், ஓய்வெடுங்கள் என்றது. “ஆமா தாயி” என்றார். சொல்லிவிட்டுப் பக்கத்து சீட்டைப் பார்த்தார். அங்கே அவருடைய துண்டுதான் கிடந்தது.

போதாக்குறைக்கு சார்ஜ் தொல்லை. காலையில் முழுதாக ஏற்றி வைப்பார். சாப்பிட்டு ஒரு உறக்கம் போட்டு எழுந்து பார்த்தால் கொஞ்சம் குறைந்திருக்கும். ஷோரூமுக்குப் போன் போட்டார்.

“நிறுத்தி வச்ச வண்டியில சார்ஜ் குறையுது தம்பி.”

“வெயில் சார்.”

“சாரல் அடிக்கி. வெயிலு எங்கன இருக்கு?”

“அப்ப சாரல்தான் சார்.”

ஊரார் வண்டி மீட்டரையெல்லாம் குனிந்து பார்த்தவர், தன் வண்டி எத்தனை கிலோமீட்டர் ஓடியிருக்கிறது என்று ஒருநாளும் பார்க்கவில்லை.

கடைசியில் ஒரு திட்டம் போட்டார். திருடனைப் பிடிக்கக்கூட அவர் சர்வீஸில் இப்படித் திட்டம் போட்டதில்லை. ஒரு சாயங்காலம் முற்றத்தில் காருக்குள் உட்கார்ந்து, திரையைத் தடவித் தடவி, கத்துவது, நடுங்குவது, தானே பிரேக் போடுவது என்று ஒவ்வொன்றாக அணைத்தார். ஒவ்வொன்றுக்கும் வண்டி, ‘நிச்சயமாகவா?’ என்று கேட்டது. நிச்சயமாக, நிச்சயமாக என்று அமுக்கினார். இனி வண்டி பேசாது. கோணல்மாணலாக ஓட்டினால் அவள் பேசித்தான் ஆகவேண்டும்.

“ஐந்தருவியில தண்ணி நல்லா விழுதாம். நாளைக்குப் போயிட்டு வருவமா?” என்று மெதுவாகக் கேட்டார்.

“போவமே” என்றாள் முப்பிடாதியம்மாள். இவ்வளவு சுலபமாகவா என்று அவர் அசந்துபோனார். அப்போதே சந்தேகப்பட்டிருக்க வேண்டும்.

மறுநாள் புறப்பட்டார்கள். மேலகரத்தில் ஒரு பஸ்ஸின் பின்னால் ஒட்டிக்கொண்டு போனார். அவள் பேசவில்லை. இண்டிகேட்டர் போடாமல் வளைத்தார். பின்னால் வந்தவன் ஏசிவிட்டுப் போனான், அவள் பேசவில்லை. ஸ்பீடு பிரேக்கரில் வண்டியைத் தூக்கிப் போட்டார். மடியிலிருந்த பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள், அவ்வளவுதான். எதிரே ஒரு மாடு, தெய்வமே அனுப்பிவைத்த மாதிரி, ரோட்டு நடுவில் வந்து நின்றது. இசக்கியப்பன் வண்டியை நேராக அதை நோக்கி விட்டார். மாட்டுக்கே பொறுக்காமல் அது விலகிப் போனது.

“ஏட்டி, மாட்டப் பாத்தியா?”

“பாத்தேன்.”

“யாரு வீட்டு மாடு?”

“கேக்கணும்னா மாட்டத்தான் கேக்கணும்.”

குற்றாலம் வந்துவிட்டது. இருபுறமும் பழக்கடை. எண்ணெய் தேய்த்த உடம்போடு அருவிக்குப் போகிற ஆட்கள், நனைந்து திரும்புகிற ஆட்கள். இசக்கியப்பனின் கண் ரோட்டில் இல்லை. மனைவியின் உதட்டில் இருந்தது. அது லேசாக அசைகிற மாதிரி இருந்தது. பேசப்போகிறாள், இதோ பேசப்போகிறாள் என்று திரும்பிப் பார்த்தார். வண்டி மடக்கென்று சாய்ந்தது. முன்சக்கரம் ரோட்டோரச் சாக்கடைக்குள் இறங்கி நின்றுவிட்டது. முப்பிடாதியம்மாள் கொட்டாவிதான் விட வந்திருக்கிறாள். விட்டு முடித்தாள்.

வண்டியைத் தூக்கிவிட, குளிக்க வருகிறவர்களுக்கு எண்ணெய் தேய்த்துவிடும் ஆட்கள் நாலைந்து பேர் ஓடிவந்தார்கள். ‘ஏலே, தள்ளுலே’ என்று அவர்கள் தள்ள, கை வழுக்கியது. மறுபடி தள்ள, மறுபடி வழுக்கியது. ஒருவன் வழுக்கிக்கொண்டே போய் கதவில் கன்னத்தை வைத்தான். வண்டி மேலே ஏறுவதற்குள் வெள்ளைக் காருக்கு உச்சியிலிருந்து உள்ளங்கால் வரை எண்ணெய்க் குளியல் முடிந்துவிட்டது.

ஆட்கள் போனதும் இசக்கியப்பன் வெடித்தார்.

“ஏட்டி, இவ்வளவு பெரிய சாக்கடை உன் கண்ணுக்குத் தெரியலயா?”

“தெரிஞ்சுது.”

“சொல்லியிருக்கலாம்லா?”

“வண்டியில்லா சொல்லணும்? அதையும் அமத்திப் போட்டிய.”

இசக்கியப்பன் திரையைப் பார்த்தார், அவளைப் பார்த்தார்.

“வண்டி முழிச்சிருந்தா திரையில பச்சைக் கோடு ரெண்டு தெரியும். இன்னைக்கு ஏறும்போதே பாத்தேன், அது இல்ல. என்னமோ பண்ணப்போறியன்னு இருந்தேன்.”

“பச்சைக் கோடெல்லாம் உனக்கு எப்படித் தெரியும்?”

“தெரியாம? காலையில நானும் முத்துவடிவும் வாக்கிங் போனோம்னா நினைச்சிய? டிரைவிங் ஸ்கூல். அவளுக்கு முன்னமே ஓட்டத் தெரியும். பொறவு மத்தியானம் நீங்க குறட்ட விடுதப்ப, இந்த வண்டியில அவ பக்கத்துல உக்காந்து பழக்கிவிட்டா. முற்றத்துல இருந்து எடுத்தா ஒரு சத்தமும் இல்லயே. பழைய டீசல் வண்டியா இருந்தா நடந்திருக்குமா?”

சார்ஜ் எங்கே போனது என்று அவருக்கு இப்போது விளங்கியது. ஷோரூம் தம்பியை நினைத்துக்கொண்டார்.

“எதுக்குட்டி இதெல்லாம்?”

முப்பிடாதியம்மாளின் குரல் இறங்கியிருந்தது. “கோயிலுக்குப் போற வழியில, உன்னவிட மிசினு நல்லா பேசும்னு சொன்னிய. எனக்கு எம்புட்டு வருத்தமா இருந்துச்சு தெரியுமா? நான் என்ன, பேசணும்னா பேசுனேன்? உங்க கூட வாரப்பதான் எனக்குப் பேச்சே வரும். வேண்டாம்னுட்டிய. பொறவு அந்த சீட்டுல எதுக்கு உக்காரணும்? நானே ஓட்டிட்டுப் போவோம்னு தோணிச்சு.”

இசக்கியப்பன் ஸ்டீயரிங்கிலிருந்து கையை எடுத்தார். “எனக்கு இந்த வண்டியே பிடிக்கல” என்றார். “ஓட்டவும் பிடிக்கல, வீட்டுல இருக்கவும் பிடிக்கல. நீ ஏசவாவது செய்யி. யாரு எக்கேடு கெட்டாங்கன்னாவது சொல்லு. அந்த இலஞ்சிக்காரி மருமவ வந்தாளா?”

அவள் முகத்தில் சிரிப்பு வந்தது. எத்தனை நாளைக்குப் பிறகு!

“இத மொதல்லயே சொன்னா என்ன? மாட்டு மேல ஏத்தப் பாத்து, சாக்கடையில இறக்கி... இறங்குங்க. நான் ஓட்டுதேன். எல்லாக் கதையும் சொல்லுதேன்.”

இசக்கியப்பன் கல்யாண மாப்பிள்ளைபோல் இறங்கினார். அவள் பையிலிருந்து லைசென்ஸை எடுத்துக் காட்டினாள். பழைய சப் இன்ஸ்பெக்டர் அதை வாங்கிக்கூடப் பார்க்கவில்லை. அவள் ஏறி, அணைத்ததையெல்லாம் மளமளவென்று திரும்பப் போட்டாள். அவர் சுற்றிவந்து இடப்பக்கக் கதவைத் திறந்தார்.

“அங்கன இல்ல. பின்னால ஏறுங்க.”

“ஏன்? இது காலியாத்தான இருக்கு?”

“முத்துவடிவு ஐந்தருவி முக்குல நிக்கா. அவளும் குளிக்க வாரா. பழக்கிவிட்டவல்லா, நான் ஓட்டுனா முன்சீட்டு அவளுக்குன்னு வாக்குக் குடுத்திருக்கேன். இன்னைக்கு எப்படியும் வண்டி என் கைக்கு வந்துரும்னு வரச் சொல்லிட்டேன்.”

ஐந்தருவி முக்கில் டீச்சர் முன்சீட்டில் ஏறினார். வண்டி சாரலில் சத்தமில்லாமல் கிளம்பியது. “டீச்சர், அந்தா போற மாட்டப் பாத்தியளா?” என்று முப்பிடாதியம்மாள் தொடங்கினாள். பேச்சு மடை திறந்த மாதிரி வந்தது. இலஞ்சிக்காரி வந்தாள், அவள் மருமகள் வந்தாள், ஏன் போனாள், யார் போய்க் கூட்டிவந்தார், எல்லாம் வந்தது. அவர் இத்தனை நாள் ஏங்கிக் கிடந்த அத்தனை கதையும் முன்சீட்டில் நடந்துகொண்டிருந்தது. பின்னால் பாதிதான் கேட்டது. இசக்கியப்பன் இரண்டு சீட்டுக்கும் நடுவில் தலையை நீட்டி, காதை வைத்துக்கொண்டு, “பொறவு?” என்றார்.

கார் விடாமல் கத்த ஆரம்பித்தது. முப்பிடாதியம்மாள் பேச்சை நிறுத்திவிட்டுத் திரையைப் பார்த்தாள். டீச்சர்தான் திரும்பினார்.

“அண்ணாச்சி, பெல்ட்டப் போட்டுட்டுப் பின்னால சாஞ்சு உக்காருங்க. வண்டி உங்களத்தான் சொல்லுது.”