சமதரை தேடிய கார்

பூண்டுலோயா
10.2.1961, வெள்ளிக்கிழமை

தம்பி சோலைமலைக்கு அக்கா ராக்காயி எழுதுவது. இங்கே எல்லாரும் கை கால் சுகத்தோடு இருக்கிறோம். உன் வீட்டில் பெரியவர் சிறியவர் அனைவரையும் மாரியம்மாள் காத்து நிற்க வேண்டியது. உன் மகள் சண்முகவடிவு பெரிய பிள்ளையான செய்தி கிடைத்தது. ஞாயிற்றுக்கிழமை சடங்கு, அத்தை வந்து முதல் தண்ணீர் ஊற்ற வேண்டும் என்று பதினான்கு வருசம் கழித்துக் கடிதம் போட்டிருக்கிறாய். வர முடியாது. கோபத்தில் வரவில்லை என்று நினைத்துவிடாதே. கோபம் இருக்கிறது, அது வேறு. காரணம் கார்.

பஸ்ஸில் வரலாமே என்று உன் பெண்டாட்டி சொல்வாள். நாற்பத்தேழாம் வருசம் ஐப்பசியில், அம்மா செத்த அன்று, பஸ்ஸை நம்பித்தான் ஏறினேன். அது நுவரெலியா ஏற்றத்தில் நின்றுபோனது. மழையில் நடந்து வந்து சேர்ந்தபோது நீ கொள்ளி வைத்து முடித்திருந்தாய். அக்கா முகம் பார்க்கட்டும் என்று ஒரு மணி நேரம் வைத்திருக்க உனக்கு மனமில்லை. அன்றிலிருந்து நான் பஸ் ஏறுவதில்லை. அது கிடக்கட்டும், கார் விசயத்துக்கு வருகிறேன்.

என் மகன் வீரய்யா வாடகைக்கு ஓட்டவென்று பழைய கார் ஒன்று வாங்கியிருக்கிறான். ஏற்றம் ஏற வேண்டுமென்றால் கியர் ஒயில் மாற்ற வேண்டும், அதை நானே வீட்டில் மாற்றுவேன் என்று புதன்கிழமை லயத்து வரிசை வீட்டு வாசலில் காரை நிறுத்திக் கீழே படுத்தான். நான் அரிசி களையும் சட்டியில் பழைய எண்ணெயை வடித்தான். இரண்டு போத்தல் இருக்கும், கருகிய பாகு மாதிரி. பக்கத்துக் காம்பராவிலிருந்து பேச்சியம்மா, மழை நாளில் அட்டை கடிக்காமல் காலில் தேய்க்க ஆகுமென்று அதில் பாதியைக் கேட்காமலே எடுத்துப் போனாள், சட்டியையும் சேர்த்து. பிறகு புது எண்ணெய். கியர் பெட்டியின் பக்கவாட்டில் ஒரு துளை உண்டு, அதுவரை ஊற்றி, வழிந்தால் மூட வேண்டுமாம். ஒரு போத்தல்கூடப் போகவில்லை, வழிந்தது.

"ரெண்டு போத்தல் வடிஞ்ச எடத்துல ஒண்ணு எப்பிடிடா நெறையும்?"

"வழியுதுல்லம்மா. வழிஞ்சா நெறைஞ்சிருச்சின்னு அர்த்தம்."

"கார் சாஞ்சில்ல நிக்கிது. கொடத்தைச் சாய்ச்சு வச்சா அரைக் கொடத்துலயே வழியாதா?"

"ஒனக்கு காரப் பத்தி என்ன தெரியும்?"

கார் கால் மைல் போனது. நரி மாதிரி ஊளையிட்டது. வியாழக்கிழமை காரை எதிர்ப்பக்கம் திருப்பி நிறுத்தினான். துளை மேட்டுப் பக்கம் போய்விட்டதால் தகரத்தில் இருந்த எண்ணெய் முழுவதையும் குடித்துவிட்டு, வழியாமல் பெட்டியின் இரண்டு முனையிலும் கசிந்தது. வடித்தெடுத்தான். இரண்டு போத்தல் அளந்து ஊற்றுடா என்றேன். பழைய எண்ணெய் சரியான அளவில் இருந்ததென்று யார் சொன்னது என்று என்னையே கேட்டான். இன்று காலை பள்ளத்துச் சக்கரங்களுக்குக் கீழே கல் வைத்துத் தூக்கினான். கார் கல்லை விட்டு இறங்கிப் பேச்சியம்மாவின் போஞ்சிப் பந்தலில் போய் நின்றது. அந்தப் பந்தலுக்கு நான் வருந்தவில்லை.

சமதரையில் நிறுத்தாமல் அளவு தெரியாது. மலையை வெட்டிப் போட்ட இந்தத் தேயிலைத் தோட்டத்தில் லயம் சரிவு, கோயில் வாசல் சரிவு, காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக் களமும் சரிவு. சமமாக இருப்பது துரை பங்களாவின் டென்னிஸ் தரை ஒன்றுதான். எனக்குத் தெரியும். முப்பத்துநாலாம் வருசம், வீரய்யா வயிற்றில் ஏழு மாதம், நான்தான் மண் சுமந்து இடித்துச் சமன் செய்தேன். தட்டில் தண்ணீர் வைத்து, அது எந்தப் பக்கமும் ஓடாத வரைக்கும் துரை விடவில்லை. இப்போதைய துரை கொழும்புக்குப் போயிருக்கிறார், திங்கட்கிழமைதான் வருவார். ஆனால் கேட் சாவி பூந்தோட்டக்காரன் ஆண்டியப்பனிடம். நாற்பத்தாறில் என் மகள் மீனம்மா சடங்கன்று, பங்களாச் செடியில் நான் பறித்த இரண்டு ரோசாப்பூவை, சபையில் அவள் கொண்டையிலிருந்து உருவிக்கொண்டு போனவன். அவனிடம் போய் நான் நிற்பேனா? நிற்க மாட்டேன். ஆகவே வரவில்லை. உன் மச்சினன் பெண்டாட்டி நாகலெட்சுமி ஊற்றட்டும். எனக்காக நேரத்தைக் கடத்தாதே.

நாளைக் காலை போகும் சரிபுதீன் நானாவின் கிழங்கு லாரியில் இதைக் கொடுத்தனுப்புகிறேன். சண்முகவடிவு மஞ்சளும் பூவுமாக நூறு வயது இருக்க வேண்டும். உன் பெண்டாட்டிக்கும் என் விசாரிப்பு, அவள் என்னை விசாரிக்காவிட்டாலும்.

இப்படிக்கு,
உன் அக்கா
ராக்காயி

பின் குறிப்பு: வெள்ளி சாயங்காலம். லாரி காலையில்தான் போகும், அதனால் எழுதுகிறேன். பங்களா கேட்டில் போய் நின்றேன்.

"ஆண்டியப்பா, கார ஒரு மணி நேரம் டென்னிஸ் தரையில நிப்பாட்டணும்."

"பதினஞ்சு வருசம் கழிச்சு எங்கிட்டப் பேசுற மொதப் பேச்சு இதுதானாக்கா?"

"பேசல. கேக்குறேன்."

"ஒரு சொட்டு சிந்துனாலும் தொரை என்னைய வெரட்டிருவாருக்கா."

ஆனாலும் கேட்டைத் திறந்துவிட்டான். என் கம்பளியைக் காருக்குக் கீழே விரித்தேன். இரண்டு போத்தலுக்கு மேல் ஒரு கை போனது, அப்புறம்தான் வழிந்தது. வீரய்யா என் முகத்தைப் பார்க்கவில்லை. பூண்டுலோயா டவுன் வரை ஓட்டிப் பார்த்தான், ஊளை இல்லை. புறப்படும்போது ஆண்டியப்பன் பின்சீட்டில் ஒரு கூடை ரோசாப்பூ வைத்தான். பூவை எடுத்துக்கொண்டேன். மன்னிக்கவில்லை.

நாகலெட்சுமி ஊற்றட்டும் என்று மேலே எழுதியதை அடித்துவிடு. நல்ல நேரம் ஒன்பதோடு முடிகிறதென்று அய்யர் சொன்னால் முடியட்டும். நான் வந்து இறங்கும் வரை பிள்ளை தலையில் ஒரு சொட்டுத் தண்ணீர் விழக் கூடாது. இந்தத் தடவை வைத்திரு, தம்பி.