நாற்பது பக்கக் கையேடு

எங்கள் வீட்டில் ஒரு பழைய உடன்படிக்கை உண்டு. கம்ப்யூட்டரைக் கவனிப்பவர் பாத்திரம் கழுவ வேண்டியதில்லை. ஆறு வருஷமாகக் கவனிப்பவன் நான். என் கைகள் இத்தனை மிருதுவாக இருப்பதன் ரகசியம் இதுதான்.

அந்த நிம்மதியில் ஒருநாள் மண் விழுந்தது.

"ஏங்க, கம்ப்யூட்டரை எப்படி ஓட்டறதுன்னு எழுதிக் குடுங்க. நானும் கத்துக்கறேன்" என்றாள் மனைவி.

மாட்டேன் என்று சொல்லும் தைரியம் கல்யாணத்தோடு போய்விட்டது. ஆனால் எழுதுகிற விதம் என் கையில்தானே? கம்ப்யூட்டரோடு வந்த கையேடு ஒருத்தருக்கும் புரியாது. அதையே மிஞ்சுவது என்று சபதம் எடுத்தேன். ஒரு வாரம் ராப்பகலாக உட்கார்ந்து நாற்பது பக்கம் எழுதினேன். பிரின்டரை இணைக்க எட்டாம் பக்கம் பார்க்கவும். எட்டாம் பக்கத்தில், முப்பத்தொன்றாம் பக்கம் பார்க்கவும். அங்கே போனால், 'எட்டாம் பக்கத்தில் விளக்கியபடி' என்று இருக்கும். எனக்கே என்மேல் மரியாதை வந்துவிட்டது.

அவள் கடைசிப் பக்கம் வரை பொறுமையாகப் புரட்டினாள்.

"நான் வாசிக்கறேன். நீங்க அப்படியே செய்யுங்க. இதுல எழுதாததைச் செய்யக்கூடாது."

"எனக்கு எதுக்கு? எனக்குத்தான் தெரியுமே."

"தெரிஞ்சவருக்குச் சீக்கிரம் முடிஞ்சிடும்."

எட்டுக்கும் முப்பத்தொன்றுக்கும் மூன்று முறை போய் வந்தேன். பதினேழாம் பக்கத்தில் 'தேவையானதை அழுத்தவும்' என்று எழுதிய மகானுபாவனை மனதாரத் திட்டினேன். எதையோ அழுத்தினேன். திரை கறுத்துப்போனது. அதற்குப் பிறகு எந்தப் பட்டனுக்கும் அது அசைந்து கொடுக்கவில்லை.

"தள்ளுங்க."

கீபோர்டுக்கு அடியிலிருந்து ஒரு அரைத் தாளை எடுத்தாள். அதைப் பார்த்துக்கொண்டே பிளக்கைப் பிடுங்கினாள், முப்பது வரை எண்ணினாள், திரும்பச் சொருகினாள். திரை பளிச்சென்று வந்தது.

"இந்தத் தாள் ஏது?"

"ஆறு வருஷமா நீங்க செய்யறதைப் பார்த்து எழுதினது. பாதி நாள் பிளக்கைத்தான் பிடுங்கறீங்க."

"அப்புறம் என்னை ஏன் எழுதச் சொன்னே?"

"நான் ஏதாவது விட்டுட்டேனான்னு பார்க்கத்தான். ஒண்ணும் விடலை."

சொல்லிக்கொண்டே எதையோ தட்டினாள். எனக்கு மட்டுமே அடங்கும் என்று நான் நம்பியிருந்த பிரின்டர், சாதுவாக ஒரு தாளைத் தள்ளியது. எடுத்துப் பார்த்தேன். பாத்திரம் கழுவும் முறை. பெரிய எழுத்தில் நாலே வரி.

எத்தனை தடவை வாசித்தும், புரியவில்லை என்று சொல்ல அதில் ஒரு இடம்கூட இல்லை.