மெத்தை விரிப்பை வெல்லப் புறப்பட்ட மூப்பர்

வாழ்க, பொறுமைப் பெருங்கடலாம் சபை மூப்பர்! உபவாசத்திலும் ஒட்டாத வயிறும், ஓயாத ஜெபத்தால் உரமேறிய குரலும், நான்கு ஞாயிறு தொடர்ந்து பொறுமையைப் பற்றியே பேசி, கேட்டவர்களுக்கெல்லாம் அந்தக் குணத்தை வலுக்கட்டாயமாக வளர்த்துவிட்ட நாவும் உடைய நாயகர் வாழ்க! முடிதரித்த மன்னரையும் படைகொண்ட வேந்தரையும் பாடப் பலருண்டு. நாமோ, நான்கு மூலையிலும் எலாஸ்டிக் வைத்துத் தைத்த ஒரு மெத்தை விரிப்போடு அவர் தனியொருவராய்ப் பொருத பெரும்போரைப் பாடப் புகுந்தோம். பரலோகம் நமக்குச் சொல் தரட்டும்; சிரிப்பை அடக்கும் வலிமையையும் சேர்த்தே தரட்டும்.

போர் மூண்ட காரணம் இது. வயிற்றில் ஆபரேஷன் முடிந்து ஆறு நாள் ஆஸ்பத்திரியில் கிடந்த மூப்பரின் மனைவி அன்று வீடு திரும்புகிறாள். பிற்பகல் மூன்று மணிக்கு மகளின் ஆணை தொலைபேசி வழியே வந்தது: "அப்பா, அம்மா குனியவே கூடாதுன்னு டாக்டர் சொல்லிட்டாங்க. வந்ததும் படுக்கணும். துவைச்ச விரிப்பா எடுத்துக் கட்டில்ல போட்டு வைங்க. நாலு மணிக்கு வந்துருவோம்." முப்பத்தோரு ஆண்டுகளாக அந்த வீட்டுக் கட்டிலில் உறங்கி எழுந்த மூப்பருக்கு, விரிப்பு என்பது விடியலைப்போலத் தானாக வந்து விரிந்துகொள்வது. அலமாரியைத் திறந்து, மடிப்புக் கலையாத ஒன்றை உறையிலிருந்து வாளை உருவுவதுபோல் உருவினார்.

தலைமாட்டின் இரண்டு மூலைகளும் எதிர்ப்பே இல்லாமல் சரணடைந்தன. நடுவில் துணி தொளதொளவென்று தொங்கியதை வெற்றிக்கொடி என்றே எண்ணி, புன்முறுவல் பூத்து, கால்மாட்டை நோக்கிப் படை நடத்தினார். அங்கோ விரிப்பு ஒரு முழம் குறைந்தது. பல்லைக் கடித்து, தொடை நடுங்க, மெத்தை படகுபோல் வளையும்வரை இழுத்து இடமூலையை மாட்டி, வலமூலையைத் தொட்ட கணத்தில், தலைமாட்டில் சரணடைந்திருந்த இரண்டும் ஒருசேரக் கிளர்ந்தெழுந்தன. விரிப்பு பட்டென்று பறந்து வந்து நாயகரின் மூக்கில் அறைந்தது. மூக்குக்கண்ணாடி கட்டிலுக்கு அடியில் போய் விழுந்தது.

வேறொருவர் என்றால் விரிப்பைப் பார்த்திருப்பார். மூப்பர் விட்டத்தைப் பார்த்தார். கை உயர்த்தி, ஆளில்லா அறை அதிர அறைகூவினார்: "பாதாளத்தின் அதிபதியே, கேள்! நீ என் மூக்கைத் தொடலாம். என் விசுவாசத்தைத் தொடமாட்டாய்! இழுத்த திசையை நான் மாற்றேன்! நிலைத்து நிற்பதே நீதிமானின் நெறி!"

ஆகவே அதே திசையில், அதே மூலைகளை, அதே வீறுடன் இரண்டாம் முறையும் மூன்றாம் முறையும் இழுத்தார். நான்காம் முறை, ஒரு மூலையை வயிற்றால் அமுக்கி, ஒன்றைக் காலால் மிதித்து, நீச்சல் தெரியாதவர் நடுக்குளத்தில் கிடப்பதுபோல் மெத்தைமேல் கிடந்தபோதும் அவர் உள்ளம் ஓயவில்லை. வரும் ஞாயிறு சபை முன் இந்தச் சோதனையைச் சாட்சியாகச் சொன்னால் பின்வரிசைகூட அழுதுவிடும், போதகர் கைக்குட்டையை எடுப்பார் என்று கணக்குப் போட்டது. சாட்சிக்கு 'மெத்தைமேல் ஒரு சிலுவை' என்று தலைப்பும் வைத்தாயிற்று. ஐந்தாம் முறை நான்கு மூலையும் ஒருசேரக் கழன்றன. தலையணையைத் தூக்கிச் சுவரில் எறிந்த மூப்பரின் வாயிலிருந்து, எந்தப் பாட்டுப் புத்தகத்திலும் அச்சேறாத ஒரு சொல் புறப்பட்டது. அது தம் குரல்தானா என்று அவரே திடுக்கிட்டார்.

மூச்சு வாங்க, மெத்தையின் ஓரத்தில் உட்கார்ந்தார். அது மனைவி படுக்கும் பக்கம். மூன்று மாதமாக வயிற்றைப் பிடித்துக்கொண்டே நடந்தாளே, அப்போதும் சனிக்கிழமை தவறாமல் இந்தக் கட்டிலில் துவைத்த விரிப்பு இருந்தது. இந்தக் கனத்த மெத்தையை யார் தூக்கினார்கள்? ஒருநாள் அவள், "இந்த மூலைய மட்டும் கொஞ்சம் பிடிங்களேன்" என்று கூப்பிட்டதும், பொறுமையைப் பற்றிக் குறிப்பெடுத்துக்கொண்டிருந்த அவர், தியானத்தில் இருப்பதாகக் கையைக் காட்டி அனுப்பியதும் நினைவுக்கு வந்தன. மூப்பருக்கு வெட்கமாக இருந்தது. சாட்சி, தலைப்பு, பின்வரிசை எல்லாம் எங்கோ போயின.

"ஆண்டவரே, அவ வந்து படுக்கணும். எனக்கு இதுகூடத் தெரியல."

ஆண்டுக்கணக்கில் அவர் ஏறெடுத்த ஜெபங்களில் ஒரு நிமிடத்துக்குள் முடிந்தது இது ஒன்றுதான். வானம் திறக்கவில்லை, தூதர் எவரும் இறங்கவில்லை, வாசலில் அழைப்புமணி அடித்தது.

மகளின் தோளைப் பிடித்து, அடிமேல் அடி வைத்து வந்து, மனைவி அறை வாசலில் நின்றாள். கட்டிலில் சுருண்டு கிடந்த விரிப்பையும், தரையில் கிடந்த தலையணையையும், தலை கலைந்து நின்ற கணவரையும் பார்த்தாள். சாத்தானின் சூழ்ச்சியை விளக்கும் நீண்ட முன்னுரை ஒன்று, பழக்க தோஷத்தால் மூப்பரின் தொண்டைவரை வந்தது. அதை அவர் விழுங்கினார். பின், கவசம் களைந்து, வாள் தாழ்த்தி, எந்தப் போர்க்களத்திலும் எந்த மாவீரரும் ஆற்றத் துணியாத பேருரையை ஆற்றினார்: "எனக்குப் போடத் தெரியல. எப்படின்னு சொல்லு."

அந்த வாயிலிருந்து 'தெரியல' என்று ஒருநாளும் கேட்டறியாத அவள், தையல் வலிக்காமல் இருக்க வயிற்றைக் கையால் அழுத்திக்கொண்டு சிரித்தாள். "நீளப் பக்கத்தக் குறுக்கால போட்டிருக்கீங்க. திருப்பிப் போடுங்க."

அவர் விரிப்பைத் திருப்பிப் போட்டார், அவள் படுத்துக்கொண்டாள்.