சாவி இடப்பக்கம் சுற்றியது

மரச்சாமான் கடைக்கு மேலே உள்ள கூடத்தில் வாராவாரம் ஒரு சத்தம் கேட்கும். கலகல, கிலுகிலு. சலங்கை ஒலி என்று நினைத்து யாரும் ஓடிவர வேண்டாம். ஊரிலுள்ள வீட்டுச் சொந்தக்காரர்கள் சாவிக்கொத்தோடு படியேறும் சத்தம் அது. ஒரே ஒரு வீடு உள்ளவர் ஒற்றைச் சாவியை விரலில் மாட்டிக்கொண்டு பணிவாக ஏறுவார். ஏழெட்டு வீடு உள்ளவர் கொத்தை இடுப்பில் தொங்கவிட்டுக்கொண்டு சிறைக் காவலர் மாதிரி ஏறுவார்.

மேலே, கடையில் விலைபோகாத ஒரு மெத்தை நாற்காலியில், சாவிச் சாமியார் கண்ணை மூடி அமர்ந்திருப்பார். சாவியைக் கண்ணால் பார்த்தால் சக்தி கலைந்துவிடுமாம்.

தொழில் சுலபம். வீட்டுச் சாவியைச் சிவப்புக் கயிற்றில் கட்டி அவர் விரலில் தொங்கவிட வேண்டும். வலப்பக்கம் சுற்றினால் வீட்டை வாங்கலாம். இடப்பக்கம் சுற்றினால் உள்ளே இருக்கும் குடித்தனக்காரர் ஆகாதவர். உடனே காலி பண்ண வேண்டும். காலியான வீட்டுக்குப் புது ஆள் பிடித்துத் தரும் வேலையைச் சாமியாரின் மச்சான் பார்த்துக்கொள்வார். மச்சான் வீட்டுத் தரகர். இது முழுக்க முழுக்கத் தற்செயல் என்று மச்சானே சொல்லியிருக்கிறார். அதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும்?

சாவி வலப்பக்கம் சுற்றியதை நம்பி, வீட்டைப் பார்க்காமலே வாங்கினார் ஒரு தையல்காரர். பார்த்தால், மாடிப்படி பக்கத்து வீட்டுச் சமையலறைக்குள் இருந்தது. மாடியில் குடிவந்தவர்கள் தினமும் அடுத்த வீட்டு அடுப்பைத் தாண்டி, "என்ன குழம்பு?" என்று கேட்டபடி மேலே போனார்கள். தையல்காரரின் நம்பிக்கை குலைந்ததா? "சாமி சரியாத்தான் சொன்னாரு. நான்தான் சாவியைத் துடைக்காம குடுத்துட்டேன்" என்றார்.

இந்தக் கூட்டத்தில் போய்ச் சேர்ந்தார் கண்ணாடிக் கடைக்காரர். ஊருக்கே பார்வையைச் சரிசெய்து கொடுப்பவர். அவரும் மனைவியும் பல வருடச் சேமிப்பைப் போட்டு, வாடகைக்கு விடுவதற்கென்று ஒரு சின்ன வீடு வாங்கியிருந்தார்கள். அதில் ஒரு நர்ஸும் நடக்க முடியாத அவர் அப்பாவும் இருந்தார்கள். வாடகை சரியாக வரும். சுவரில் ஓர் ஆணிகூடக் கேட்காமல் அடிக்க மாட்டார்கள். ஆனாலும் கடைக்காரருக்குத் தூக்கமில்லை. அவர்கள் திடீரென்று போய்விட்டால்? கூரை ஒழுகினால்? வீட்டு விலை விழுந்தால்?

"ரிஸ்க்கே இருக்கக் கூடாது. எல்லாம் நம்ம கன்ட்ரோல்ல இருக்கணும்" என்று சொல்லிக்கொண்டே போய், சாவியைச் சாமியாரிடம் நீட்டினார். அது இடப்பக்கம் சுற்றியது. கடைக்காரர் படியிறங்குவதற்குள் நர்ஸுக்குப் போன் போட்டுவிட்டார்: மாதக் கடைசிக்குள் காலி பண்ணுங்கள்.

அவர் மனைவி கார் ஓட்டக் கற்றுத்தருபவர். எந்த மாணவர் எந்த மரத்தில் மோதப் போகிறார் என்பது, மோதுபவருக்குத் தெரிவதற்கு முன்பே அவருக்குத் தெரியும்.

"என்னங்க, அந்தப் பொண்ணு என்ன தப்பு பண்ணுச்சு?"

"சாவி இடப்பக்கம் சுத்துச்சும்மா."

"ஆள் குடியிருக்கற வீடு எதுக்காவது அது வலப்பக்கம் சுத்திப் பாத்திருக்கீங்களா?"

கடைக்காரர் யோசித்தார். பார்த்ததில்லை.

"கன்ட்ரோல் வேணும்னா ஒப்பந்தத்தை ஒழுங்கா எழுதுங்க. கூரையை ஆள் வச்சுப் பாருங்க. ரிப்பேருக்குன்னு கொஞ்சம் ஒதுக்கி வைங்க. ஸ்டியரிங்கை யாரோ ஒருத்தர் கையில குடுத்துட்டு நீங்க பின்சீட்ல சாஞ்சுக்கறதுக்குப் பேரு கன்ட்ரோலா? அதுவும் ஓட்டறவரு கண்ணை மூடிட்டு ஓட்டறாரு!"

"தெய்வ விஷயத்துல வாயைக் குடுக்காத" என்று கடைக்காரர் கடைக்கு ஓடிவிட்டார்.

மறுநாள் மனைவியிடம் கார் பழக வந்தவர் ஒரு பேக்கரிக்காரர். பெரிய பக்தர். கியரை மாற்றியபடி பெருமையாகச் சொன்னார்: "டீச்சர், சாவிச் சாமியார் குடியிருக்கறதே என் வீட்லதான். மச்சான் மூலமா வந்தாரு. என்னை நேர்ல பாத்ததுகூட இல்ல."

"அப்படியா! அந்த வீட்டுச் சாவியைச் சாமிகிட்ட காட்டிட்டீங்களா?"

"அவர் வீட்டையே அவருக்கு எதுக்குங்க காட்டணும்?"

"அவர் வீடு இல்லண்ணே, உங்க வீடு. ஊர்ல எல்லாரும் பாக்கறாங்க, நீங்க மட்டும் பாக்கலைன்னா எப்படி? மாத்துச் சாவி இருக்குல்ல?"

பேக்கரிக்காரர் சந்தோஷத்தில் ஆக்ஸிலரேட்டரை அழுத்தினார். டீச்சர் தன் பக்கத்து பிரேக்கை அழுத்தினார்.

அந்த வாரம் கூடம் நிரம்பி வழிந்தது. கண்ணாடிக் கடைக்காரர் முன்வரிசையில் பயபக்தியோடு இருந்தார். டீச்சரும் வந்து பின்வரிசையில் உட்கார்ந்திருந்தார். பேக்கரிக்காரர் மாற்றுச் சாவியைக் கொடுக்க, மச்சான் அதைக் கயிற்றில் கட்டித் தொங்கவிட்டார். யாருடைய சாவி என்று மச்சானும் பார்க்கவில்லை. பார்ப்பானேன்? பதில்தான் ஏற்கெனவே தயாராக இருக்கிறதே.

"ஆள் இருக்கற வீடா, காலி வீடா?" என்றார் சாமியார்.

"ஆள் இருக்காருங்க, சாமி."

சாவி ஜோராக இடப்பக்கம் சுற்றியது. சாமியார் நடுங்கினார்.

"ஐயோ! உள்ள இருக்கறவன் பெரிய ஏமாத்துக்காரன்! வாயை வித்துப் பொழைக்கறவன்! இன்னிக்கே அவன் சாமானைத் தூக்கித் தெருவுல வை!"

பேக்கரிக்காரருக்குக் கண் கலங்கிவிட்டது. "சாமி, அது நீங்க இருக்கற வீடு."

கூடத்தில் ஒரு சாவிகூடக் கிலுங்கவில்லை. சாமியார் முதன்முறையாகக் கண்ணைத் திறந்தார். "அது... காத்து மாறியடிச்சிருக்கும். இன்னொரு தரம் பாப்போம்." சாவி சமர்த்தாக வலப்பக்கம் சுற்றத் தொடங்கியது.

டீச்சர் எழுந்தார். "சாமி, சுத்தறது சாவியா, உங்க விரலா? கயித்தை அந்தச் சுவத்து ஆணியில மாட்டுங்க. சக்தி இருந்தா அங்கயும் சுத்தட்டும்."

மாட்டினார்கள். சாவி தொங்கியது. எல்லாரும் காத்திருந்தார்கள். யாரோ தும்மினார். அப்போதும் அது தொங்கிக்கொண்டேதான் இருந்தது. மச்சான் மட்டும் சுற்றி வளைத்துக் கதவுப் பக்கம் போய்ச் சேர்ந்திருந்தார்.

தையல்காரர் கன்னத்தில் போட்டுக்கொண்டார். "ஏமாத்துக்காரன்னு கரெக்டா சொன்னாரே! என்ன சக்தி, என்ன சக்தி!"

பேக்கரிக்காரர் பக்தி மாறாமல் கைகூப்பினார். "உங்க வாக்கை மீற மாட்டேன், சாமி. இன்னிக்கே காலி பண்ணிடுங்க. சாமானை நானே தூக்கித் தரேன்."

கண்ணாடிக் கடைக்காரர் அங்கிருந்து நேராக நர்ஸ் வீட்டுக்குப் போனார். காலி பண்ண வேண்டாம் என்று சொல்லி மன்னிப்புக் கேட்டார். "மன்னிப்பு இருக்கட்டும் சார். சமையலறைக் குழாய் ஒழுகுது, அதைப் பாருங்க" என்றார் அவர். கடைக்காரர் வாளியோடு கீழே உட்கார்ந்தார். வீட்டை வாங்கியதிலிருந்து அதற்குள் அவர் பார்த்த முதல் வேலை அதுதான். மனைவி வாசலில் நின்று சிரித்தார்.

அடுத்த தெருவில் இப்போது ஒருவர் குழாய் சொட்டும் தாளத்தைக் கேட்டு வீட்டு விலையைக் கணித்துச் சொல்கிறாராம். தையல்காரர் வரிசையில் முதல் ஆளாக நிற்கிறார். ஐயா, அம்மா, வீட்டை வாடகைக்கு விடுங்கள், மூளையை விடாதீர்கள். அங்கே குடிவருகிறவன் லேசில் காலி பண்ண மாட்டான்.