சோளக்காட்டில் ஒரு கலியாண விசாரணை

எங்கள் ஆட்கள் கலியாணம் என்றால் முதலில் விசாரிப்பார்கள். சாதகப் பொருத்தம் எல்லாம் பிறகுதான். மாப்பிள்ளையின் ஊருக்கு ஒரு ஆளை அனுப்புவார்கள். அந்த ஆள் சந்தியில் இறங்கி, கடையில் ஒரு சோடா குடிப்பார். "இஞ்சை காணி கீணி ஆரும் விக்கினமோ?" என்று சும்மா தொடங்குவார். அரை மணித்தியாலத்தில் மாப்பிள்ளையின் பாட்டன் குடித்த கள்ளு வரைக்கும் வெளியே வந்துவிடும்.

யாழ்ப்பாணத்தில் அந்த வேலையை நான் செய்திருக்கிறேன். எனக்குப் படிப்பு இல்லை. பேச்சும் குறைவு. பேசாத ஆளைக் கண்டால் சனம் தானாகப் பேசும். (என் திறமை அவ்வளவுதான்.)

அதனால் அக்காவின் மூத்த மகள் ஆரணி ஒரு வெள்ளைக்காரப் பெடியனைக் கூட்டிவந்தபோது, அக்கா என்னைத்தான் கனடாவில், ஸ்ரௌவ்வில்லில் இருக்கும் தன் வீட்டுக்குக் கூப்பிட்டார். பெடியன் ஈதன் மில்லர். வேலை ரொறொன்ரோவில். தாய் தகப்பன் அமெரிக்காவில், இண்டியானாவில் ஒரு ரவுன்ஷிப்பில், ஒரு நாட்டுப்புற வட்டத்தில், நிலம் உழுது கமம் செய்கிறார்கள்.

"நல்ல பெடியன்தான். ஆனா ஊருக்குள்ள என்ன பேரெண்டு தெரியாதே," என்றார் அக்கா. "நீயும் அத்தானும் ஒருக்காப் போட்டு வாங்கோ. குடி, கடன், நோய் வருத்தம். மூண்டையும் கேள்."

"ஆரணிக்குத் தெரிஞ்சா?"

அக்கா எழுந்து அறைக் கதவைச் சாத்தினார். ஆரணி முன்னரே சொல்லியிருந்தாள்: "அம்மா, அவையளைப் பற்றி ஆரையும் விட்டு விசாரிச்சீங்களெண்டா, ஐ ஸ்வெயர், கலியாண ஹோலும் இல்லை, தாலியும் இல்லை. நாங்கள் சிற்றி ஹோலில சைன் பண்ணிப்போட்டுப் போயிடுவம்." அவள் சொன்னால் செய்வாள். ஒருமுறை ஒரு சேலையின் நிறத்துக்காகத் தாயோடு இரண்டு மாதம் பேசாமல் இருந்தவள்.

ஆரணியின் தகப்பன், என் அத்தான், கார் ஓட்டினார். அமெரிக்க எல்லையில் அதிகாரி எங்கே போகிறீர்கள் என்று கேட்டான். ஊரின் பெயரைச் சொன்னேன்.

"அங்கே எதற்கு?"

"பார்க்க."

"எதை?"

"ஊரை," என்றேன். (அங்கே ஊர் இருப்பது அவனுக்கும் தெரிந்திருக்காது.) விட்டுவிட்டான்.

ஒரு மோட்டலில் படுத்து எழும்பி, காலையில் போய்ச் சேர்ந்தோம். சேர்ந்துவிட்டீர்கள் என்று போன்தான் சொன்னது. அத்தான் பிரேக்கை அமத்தினார்.

இடப்பக்கம் சோளம். வலப்பக்கம் சோளம். நடுவில் நேர் றோட்டு.

"ஊர் எங்கை?" என்றார் அத்தான்.

"இதுதானாம்."

ஆறு மைல் நீளம், ஆறு மைல் அகலம். மைலுக்கு ஒரு குறுக்கு றோட்டு. அடிமட்டம் வைத்துக் கீறிய மாதிரிச் சதுரம் சதுரமாக நிலம். மேடு இல்லை, பள்ளம் இல்லை, வளைவு இல்லை. சந்தி இருந்தது. மைலுக்கு ஒன்று இருந்தது. ஆனால் சந்தியில் கடை இல்லை. மூன்று மூலையில் சோளம், நாலாவதில் சோயா.

சலூன் இல்லை. பஸ் தரிப்பு இல்லை. ஒரு மதில்கூட இல்லை. மதில் இல்லாத இடத்தில் சனம் எதற்கு மேலால் எட்டிப் பார்க்கும்? வீடுகள் ஒன்றுக்கொன்று அரை மைல் தூரத்தில், பகைத்துக்கொண்ட சகோதரங்கள் மாதிரி நின்றன. ரொறொன்ரோவில், டோர்செட் பார்க்கில் நான் இருக்கும் கட்டடத்தின் இரண்டு மாடியில் இதைவிடக் கூடச் சனம் இருக்கும்.

காரை விட்டு இறங்கிச் சந்தியில் நின்றோம். கனநேரம் ஒருவரும் வரவில்லை. கடைசியில் ஒரு மான் வந்தது. எங்களைப் பார்த்தது. போய்விட்டது.

"அதிட்டையாவது கேட்டிருக்கலாம்," என்றார் அத்தான்.

கொஞ்சம் தள்ளி ஒரு சின்னத் தேவாலயம். பூட்டு. பக்கத்தில் சுடலை. உள்ளே போய்க் கல்லறைக் கல்லுகளை வாசித்தோம். மில்லர். மில்லர். மில்லர். ஊரில் நாங்கள் கண்ட முதல் கூட்டம் அதுதான்.

"குடும்பம் பெரிசு," என்றேன்.

"பெரிசுதான். ஆனா வாய் திறக்கமாட்டினம்."

அப்போது ஒரு பிக்கப் ட்ரக் வந்து நின்றது. தொப்பி போட்ட கிழவர். சுடலைக்குள் நின்ற எங்கள் இருவரையும் பார்த்தார். கார் பழுதோ என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

எனக்கு உயிர் வந்தது. பழைய முறைப்படி தொடங்கினேன். பக்டரி வேலையில் பழகிய என் இங்கிலீசில், "இங்கே காணி விற்பனைக்கு இருக்கா?" என்றேன்.

கிழவரின் முகம் இறுகியது. "யாருடைய காணி?"

சனம் வாய் திறந்துவிட்டது என்று நினைத்தேன். "மில்லர் காணி. ஈதன் என்று மகன் இருக்கிறாரே, அவர்கள். கடன் இருக்கா? குடிப்பார்களா? வருத்தம் ஏதும்?"

அவர் ட்ரக்கைத் திருப்பிக்கொண்டு போனார்.

பத்து நிமிடம் ஆகியிருக்காது. நாலு பக்கத்தாலும் புழுதி எழும்பியது. ஆளே இல்லை என்றிருந்த இடத்தில் எங்கிருந்து வந்தார்களோ, ட்ரக்குக்கு மேல் ட்ரக். ஒருவர் ட்ராக்டரிலேயே வந்தார். சுடலை வாசலில் வரிசையாக நின்றார்கள். யாரோ பெரிய கம்பனி கடன்பட்ட கமக்காரரின் நிலத்தை வளைத்துப்போட ஆள் அனுப்பியிருக்கிறது என்று செய்தி பரவியிருந்தது. அந்தக் கிழவர் ஈதனின் பெரியப்பா.

"மச்சான், ஓடுவமோ?" என்றார் அத்தான்.

"எங்கை? எல்லாம் நேர் றோட்டு."

கூட்டத்தை விலக்கிக்கொண்டு சப்பாத்துப் போட்ட ஒரு பொம்பிளை வந்தார். என்னை உற்றுப் பார்த்தார். கையை வாயில் வைத்தார்.

"மாமா?" என்றார்.

ஒரு வெள்ளைக்காரி இண்டியானாச் சுடலையில் வைத்து என்னை மாமா என்கிறார். ஈதனின் தாய். ஆரணி எங்கள் எல்லாருடைய படமும் முறையும் காட்டிக்கொடுத்திருக்கிறாள். நான் யோசித்து முடிப்பதற்குள் அந்த மனுசி சந்தோசத்தில் வீடியோக் கோல் எடுத்துப் போனை என் முகத்துக்கு நேரே பிடித்துவிட்டார்.

ஆரணி தெரிந்தாள்.

"மாமா? வை ஆர் யூ இன் எ கிரேவ்யார்ட்?"

அத்தான் எட்டிப் பார்த்து, "வழி மாறிட்டம் பிள்ளை," என்றார். (அவளிடம் றிச்மண்ட் ஹில் கோயிலுக்குப் போவதாகச் சொல்லிவிட்டு வந்தவர்.)

அவள் எங்களைப் பார்த்தாள். பெரியப்பா நான் கேட்டதை எல்லாம் பின்னால் நின்று உரத்துச் சொன்னார். போன் அணைந்தது. கலியாணம் அதோடு முடிந்தது என்றுதான் நினைத்தேன்.

ஆனால் ஈதனின் தாய் எங்களை விடவில்லை. "கேட்க வந்தீர்கள், எல்லாரிடமும் கேளுங்கள்," என்று தேவாலயத்தைத் திறந்து அதன் கீழ்த்தளத்துக்குக் கூட்டிப்போனார். கோப்பி வந்தது, அப்பிள் பை வந்தது. குடியா? பெரியப்பா குடிப்பாராம், கையை உயர்த்தினார். கடனா? எல்லாரும் உயர்த்தினார்கள். பிறகு எங்கள் முறை. ஒவ்வொருவராகக் கேட்டார்கள். நான் வாய் திறக்கவில்லை. அத்தான் திறந்தார். மூடவில்லை.

ஸ்ரௌவ்வில்லுக்குத் திரும்பியபோது ஆரணி மேசையில் இருந்தாள். பக்கத்தில் அக்கா, முகம் வெளிறி.

"சொல்லுங்கோ மாமா. என்ன விசாரிச்சீங்கள்?"

"நான் எங்கை விசாரிச்சது? அவையள்தான் எங்களை விசாரிச்சவை."

"என்ன கேட்டவை?"

"குடி, கடன், வருத்தம்."

"நீங்கள் என்ன சொன்னனீங்கள்?"

நான் அத்தானைப் பார்த்தேன். அத்தான் நிலத்தைப் பார்த்தார். "உள்ளதைச் சொன்னனான்."

அக்கா எழும்பிவிட்டார். "என்ர சீனி வருத்தத்தையுமோ?"

"ஓம்."

"வீட்டுக் கடனையுமோ?"

"வட்டியையும் சொன்னனான்."

"ஐயோ! அந்த ஊர் முழுக்கத் தெரியுமோ?"

"சந்தோசப்படு. ஊர் சின்னன்," என்றேன்.

ஆரணி மேசையில் தலையை வைத்தாள். தோள் குலுங்கியது. அழுகிறாள் என்று நினைத்தேன். சிரித்துக்கொண்டிருந்தாள். "குட்," என்றாள். "நல்லா வேணும் உங்களுக்கு." ஹோல் நிலைத்தது. தாலியும் நிலைத்தது. மில்லர் ஆட்கள் பஸ் பிடித்து வந்து சம்பந்தி வரிசையில் நின்றார்கள். அக்காவைக் கண்ட ஒவ்வொருவரும் முதலில் அவருடைய சீனி எப்படி என்றுதான் கேட்டார்கள்.

இப்போது ஆரணியின் தங்கை, இளையவளுக்கும் ஒரு பெடியன். போன கிழமை முதல்தரம் வீட்டுக்கு வந்தான். கால் கழுவவில்லை, கதிரையில் இருக்கவில்லை, நேரே என்னிடம் வந்தான்.

"அங்கிள், எங்களை விசாரிக்க நீங்கள் எப்ப வாறீங்கள்? அம்மா கேக்கிறா, என்ன சமைக்கிறதெண்டு."